புகைக்கொட்டகை முதல் புது அலமாரி வரை

ஈப்போவிலிருந்து கோப்பேங் சாலையில் தெற்கே வந்தால் சிம்பாங் பூலாய். இடப்பக்கம் திரும்பினால் கேமரன் மலைக்கு ஏறும் சாலை, வலப்பக்கம் பத்து காஜா, நேரே போனால் கோப்பேங், கம்பார். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். பாதி குன்றுகளைக் கல்லுக்காக வெட்டித் தின்றாகிவிட்டது. லாரிகள் போகும் பாதையோரச் செடிகளுக்கு இலையின் நிறமே வெள்ளை. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே பழகியவர்கள் இந்த வட்டாரத்து மக்கள். காலையில் வாசலைத் துடைத்தால் துணியில் தெரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது துணியில் தெரியாத ஒன்றைப் பற்றி. அதன் பெயர் ஃபார்மால்டிஹைடு. தண்ணீரில் கரைத்துப் புட்டியில் அடைத்தால் ஃபார்மலின். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளையும் பாம்பும் மிதந்த புட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த நெடி மறக்காது. பிணவறை, மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுக் கூடம் என்று சாவோடு சேர்த்தே அதை நாம் நினைக்கிறோம். ஆனால் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் தமிழர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் கித்தா எனும் ரப்பர்த் தோட்டத்தில். இப்போது தாமான் எனும் குடியிருப்பு வீட்டில். எவ்வளவு சுவாசித்தால் தாங்கும் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்டதில்லை. இன்று அதற்கு விடையாக ஒன்றல்ல, ஆறேழு எண்கள் இருக்கின்றன.

தோட்டத்து ஸ்டோரிலிருந்து தொடங்கலாம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு நிரை நிரையாகப் பால்வெட்டு, முற்பகலில் மங்குகளிலிருந்து பால் சேகரிப்பு, காண்டா எனும் தோள்கழியில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடை. கித்தாப் பால் பொல்லாதது. வெயில் ஏறினால் வாளியிலேயே திரிந்து கட்டியாகிவிடும். அதைத் தடுக்கச் சில சொட்டு மருந்து விடுவார்கள். பெரும்பாலும் அமோனியா, சில இடங்களில் சோடியம் சல்ஃபைட், சில இடங்களில் ஃபார்மலினேதான். ஸ்டோரில் பாலை நிறுத்து வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் திராவகம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கினால் அடுத்த இடம் புகைக்கொட்டகை.

அந்தக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உயரமான கட்டடம், ஜன்னல் கிடையாது. உள்ளே வரிசை வரிசையாகக் கழிகள். அவற்றில் துணி உலர்த்துவதுபோல ஈரத் தகடுகள். கீழே அடுப்பில் எரிவது பழைய கித்தாமர விறகு. கொழுந்துவிட்டு எரியக் கூடாது, அணையவும் கூடாது. புகைந்துகொண்டே இருக்க வேண்டும். நாலைந்து நாள் போனால் வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு வரும். பூஞ்சை பிடிக்காது, கப்பலேறி லண்டன் போனாலும் கெடாது. ஏன் கெடாது? விறகுப் புகையில் உள்ள ஃபீனால்களும் ஆல்டிஹைடுகளும் பூஞ்சையைக் கொல்கின்றன. அந்த ஆல்டிஹைடுகளில் ஒன்று ஃபார்மால்டிஹைடு. தவளையைக் கெடாமல் வைத்த அதே சரக்கு கித்தாத் தகட்டையும் காப்பாற்றியது. தகடு மாற்றவும் விறகு தள்ளவும் உள்ளே போய் வந்த ஆளின் மூக்குக்குள்ளும் அதுவே போனது.

எனக்கு ஒரு பெரியம்மா முறை. எண்பதைத் தாண்டியவர், இளம் வயதில் ஸ்டோரில் வேலை பார்த்தவர். கேட்டால் சிரிப்பார். "உள்ள போனா கண்ணு தீயா எரியும்டா தம்பி. முந்தானைய நனச்சு மூக்குல கட்டிக்குவோம். மூணு நாள் போனா பழகிப் போயிரும்." கண் ரொம்பச் சிவந்துபோனால் தோட்டத்து மருத்துவ உதவியாளர் டிரஸ்ஸர் ஐயா சொட்டு மருந்து விடுவார். மறுநாள் மறுபடி பெரட்டு. அந்தக் காலத்துத் தோட்டத்தில் பாதுகாப்பு வரம்பு என்றால் அந்த ஈர முந்தானைதான்.

"பழகிப் போயிரும்" என்று பெரியம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் மூக்கை நம்ப முடியாது. முதல் நிமிடத்தில் குத்தும் நெடி சிறிது நேரத்தில் உறைப்பதில்லை. காற்றில் அளவு குறைந்திருக்காது, உணர்வு மரத்திருக்கும். ஆளுக்கு ஆள் மூக்கும் வேறு. ஒருவருக்குக் கண்ணில் நீர் வடியும் அளவில் பக்கத்தில் நிற்பவர் ஒன்றும் தெரியாமல் நிற்பார். அதனால்தான் எண் தேவைப்பட்டது.

1965இல் தர நிர்ணயக் கட்டி ரப்பர் வந்த பிறகு புகைத்தகட்டின் மவுசு மெல்லக் குறைந்தது. தோட்டங்களைத் துண்டாடினார்கள், செம்பனை நட்டார்கள், வீடு கட்ட விற்றார்கள். லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் தாமான்களுக்குச் சிதறினார்கள்.

எண்ணுக்கு வருவோம். காற்றில் கலந்த வாயுவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம், பிபிஎம் என்பார்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்குச் சட்டம் வைத்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக 3 பிபிஎம். எரிச்சலைத்தான் அன்று பெரிய கெடுதலாகக் கருதினார்கள். கண் எரியாமல் வேலை ஓடினால் போதும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தவை எலிகள். ரசாயன நிறுவனங்களே பணம் போட்டு நடத்திய ஓர் ஆய்வு நிலையம் வட கரோலினாவில் இருந்தது. அங்கே எலிகளை நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வருடம் இந்த வாயுவைச் சுவாசிக்க வைத்தார்கள். தொழிலாளியின் ஷிப்டைப் போலவே. 1980 வாக்கில் வெளிவந்த முடிவு ஆலைக்காரர்களையே திடுக்கிட வைத்தது. சுமார் 14 பிபிஎம் சுவாசித்த எலிகளில் ஏறத்தாழப் பாதிக்கு மூக்கில் புற்றுநோய். 6 பிபிஎம்மை ஒட்டிய கூட்டத்தில் இரண்டே எலிகளுக்கு. 2 பிபிஎம் சுவாசித்தவற்றில் ஒன்றுக்கும் இல்லை.

இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு நாற்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு சொல்கிறது: பாருங்கள், அளவு இரண்டரை மடங்கு கூடினால் நோய் அதே விகிதத்தில் கூடவில்லை, திடீரென்று எகிறுகிறது. அப்படியானால் கீழே ஒரு படி இருக்கிறது. அந்தப் படிக்குக் கீழே மூக்கின் உட்தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அந்தப் படியில் வரம்பை வை. நம் உடம்பே அன்றாடம் ஃபார்மால்டிஹைடு தயாரிக்கிறது, ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்பதும் இவர்களுடைய வாதத்துக்கு வலு. மறு தரப்பு சொல்கிறது: சில நூறு எலிகளில் தெரியாதது பல லட்சம் மனிதர்களில் தெரியும். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயை இருநூறு எலி காட்டாது. எலி மூக்கால் மட்டும் சுவாசிக்கும், மூட்டை தூக்கும் மனிதன் வாயாலும் இழுப்பான். ஆகவே படி என்று எதையும் நம்பாதே, முடிந்த அளவு இறக்கு.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் எண் ஒரே பக்கமாகத்தான் நகர்ந்திருக்கிறது: கீழே. அமெரிக்கச் சட்டம் 1987இல் 1 பிபிஎம்முக்கும் 1992இல் 0.75க்கும் இறங்கியது. அதே நாட்டின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமோ 0.016 போதும் என்று பரிந்துரைத்தது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தது. சான்றாகக் காட்டியது மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயை. பேராக் மக்களுக்குத் தெரிந்த நோய்தான். நம் சீன அண்டை வீட்டார் குடும்பங்களில் அதிகம் கேள்விப்படுவோம். அவர்களுக்கு அது வருவதற்கு முக்கியக் காரணம் ஒரு வைரஸும் பரம்பரைக் கூறும் உப்பிட்ட மீனும். ஃபார்மால்டிஹைடு அந்தப் பட்டியலில் பின்னால் வருவது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மலேசியா 2000ஆம் ஆண்டில் ரசாயனங்களுக்கான விதிமுறைகளைக் கொண்டுவந்தபோது வைத்த எண் 0.3 பிபிஎம். சராசரி அல்ல, உச்சவரம்பு. எந்த நேரத்திலும் தாண்டக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிட நம் தொழிலாளிக்குக் கிடைத்தது கறாரான வரம்பு. நம்ப முடியாத விஷயம்தான், ஆனால் உண்மை. குளிரூட்டிய அலுவலகக் கட்டடங்களுக்கு 2010இல் வந்த நடைமுறை விதி 0.1 பிபிஎம் என்றது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றுக்குச் சொன்ன வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது சுமார் 0.08 பிபிஎம். பத்தடிக்குப் பன்னிரண்டடி படுக்கையறை ஒன்றின் மொத்தக் காற்றிலும் சேர்த்து 3 மில்லிகிராம். விரல் நுனியில் ஒட்டும் சில உப்புப் பரல்கள் அளவுதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட மதிப்பீடு இன்னும் கீழே போனது: ஒரு கன மீட்டருக்கு 0.007 மில்லிகிராம். சாதாரண வீடுகளின் காற்றிலேயே அதைவிட அதிகம் இருக்கும் என்பதால் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஒரே சர்ச்சை.

வரம்பு என்றால் விஞ்ஞானிகள் அளந்து கண்டுபிடித்துக் கொடுப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் அப்படி. மீதிப் பாதி பேரம். ஆலை எதைத் தாங்கும், அளவுகோல் எதைக் காட்டும், யார் மேசையில் உட்கார்ந்திருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்தது. இதைப் பேராக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து சற்று தூரத்திலுள்ள புக்கிட் மேராவில், 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து அரிய மண் தாதுக்களைப் பிரித்தது. மிச்சமானது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. ஆலையும் அதிகாரிகளும் சொன்னது ஒன்றே: எல்லாம் வரம்புக்குள். 1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து ஆலை ஓரத்தில் அளந்தபோது அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு காட்டியது. மறுவருடம் ஊர்மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். எது பாதுகாப்பான அளவு, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவா, வேலியோரம் அளப்பதா வீட்டுக்குள் அளப்பதா என்று வெளிநாட்டு நிபுணர்கள் கூண்டில் நின்று வாதாடினார்கள். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் நிறுவனம் தானாகவே மூடிவிட்டது. சட்டத்தில் தோற்ற ஊர் நடப்பில் ஜெயித்தது. எண்ணை வைத்துக்கொண்டு ஊர் வாயை அடைக்க முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே அத்தாட்சி உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஃபார்மால்டிஹைடுக்கு அப்படி ஒரு வழக்கு இங்கே இல்லை. காரணம், அது ஆலைப் புகைபோக்கியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள் தச்சர் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போகிறார்.

அதுவும் கித்தா மரத்தின் கதைதான். பால் வற்றிய மரம் முன்பு விறகுக்குத்தான் லாயக்கு. புகைக்கொட்டகைக்கு, செங்கல் சூளைக்கு, பிறையில் மலாயாவாத்தா இரும்பாலையின் உலைக்குக் கரியாக. வெட்டிய சில நாளில் நீலம் பாரித்து, வண்டு துளைத்து உளுத்துப்போகும் மரம் அது. 1970களின் கடைசியிலிருந்து கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தி, மேசை நாற்காலி செய்யும் பக்குவம் கைவந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பங்கு கித்தாமரம். பலகையாக அறுக்க முடியாத கிளையும் சிராயும் தூளாகி, பசை சேர்ந்து, சூட்டில் அழுந்தி எம்டிஎஃப் பலகையாகவும் துகள் பலகையாகவும் வருகின்றன. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. மலிவு, சீக்கிரம் இறுகும், நிறம் மாறாது. ஒரே குறை, வெப்பமும் ஈரமும் பட்டால் பசை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வாயுவை வெளியே விடும். வெப்பமும் ஈரமும் கிந்தா பள்ளத்தாக்கில் எந்த மாதம் இல்லை?

பெரியம்மாவின் மகன் வீடு சிம்பாங் பூலாய்த் தாமான் ஒன்றில். போன வருடம் சமையலறைக்குச் சுவரை ஒட்டிய அலமாரி அடித்தார்கள். பளபளவென்று வெள்ளைத் தாள் ஒட்டிய பலகை. கதவைத் திறந்து மேல்தட்டின் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் பக்கமெல்லாம் தாள். குழாய்க்காக அறுத்த ஓட்டையின் விளிம்பும் சுவரைப் பார்த்த முதுகும் வெறும் பழுப்புத் தூள் பலகை. அந்தத் திறந்த விளிம்புகளிலிருந்துதான் வாயு அதிகம் கசியும். பெரியம்மா மூக்கைச் சுருக்கினார். "அப்ப அந்த மரத்த வெட்டி அடுப்பெரிச்சோம். இப்ப அதையே பொடியாக்கி ஒட்டி ஆயிரக்கணக்குல வெள்ளி வாங்குறான். நாத்தம் மட்டும் மாறல." மருமகள் ஏர்கான் போட்டு ஜன்னலைச் சாத்தினார், நாற்றம் வெளியே தெரியாமல் இருக்க. செய்ய வேண்டியதற்கு நேர் எதிர்.

இந்தப் பலகை அமெரிக்காவுக்குக் கப்பலேறினால் அதற்கு வேறு மரியாதை. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த தற்காலிக வண்டி வீடுகளில் மக்கள் கண் எரிந்து மூச்சுத் திணறினார்கள். 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் அளந்தபோது சராசரி 0.077 பிபிஎம். நம் ஊர் ஆலைக்கான உச்சவரம்பில் கால் பங்கு! ஆலையில் எட்டு மணி நேரம் நிற்கும் திடகாத்திரமான ஆளுக்கு வைத்த எண் வேறு; இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டில் கிடக்கும் கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் தேவையான எண் வேறு. 2010இல் அங்கே பலகைகளுக்கென்றே சட்டம் வந்தது. சோதனையில் எம்டிஎஃப் பலகை 0.11 பிபிஎம்முக்கு மேல் விடக் கூடாது. ஜப்பானுக்கு அனுப்பும் பலகையில் நான்கு நட்சத்திர முத்திரை கேட்பார்கள். ஐரோப்பியப் பாணியில் ஈ1, ஈ2 என்று வகை உண்டு. ஈ1 குறைவாக விடுவது. வாங்குபவன் கேட்டான், விற்பவன் செய்தான். மலேசிய ஆலைகளுக்கு அந்தத் தரத்தில் செய்யத் தெரியும் என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

நாம் கேட்கிறோமா? ஈப்போவில் அலமாரிக் கடைகளில் விசாரித்துப் பார்த்தேன். நிறம் முப்பது வகை காட்டினார்கள். பலகை என்ன வகை என்றதற்கு ஒரே ஒரு கடைக்காரர் உள்ளே போய் அட்டை ஒன்றை எடுத்துவந்து காட்டினார். மற்றவர்கள் "நல்ல பலகைதான் அண்ணே" என்றார்கள்.

பலகையை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. சாயங்காலம் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலேசியச் சுருள்களையும் சீனச் சுருள்களையும் எரித்து அளந்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. மலேசிய ஆய்வாளர்களும் அதில் உண்டு. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுக்குச் சமம் வரை போகலாம் என்றது அது. சாத்திய அறையில் புது அலமாரி, கட்டிலடியில் சுருள், பக்கத்தில் தூங்கும் பிள்ளை. இந்த வீட்டுக்குள் எந்த அதிகாரியும் கருவி கொண்டுவர மாட்டார். 0.3 ஆலைக்கு, 0.1 குளிரூட்டிய அலுவலகத்துக்கு. தாமான் வீட்டுக்கு இருப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் மட்டும். நிறைவேற்ற வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

ஆலையிலும் எண் தானாக வேலை செய்யாது. 2000ஆம் ஆண்டு விதிமுறைப்படி ரசாயனம் புழங்கும் இடத்தில் முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்து அறிக்கை வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் காற்றை அளக்க வேண்டும். பலகை, தளவாடம், பிணவறை, ஆய்வுக்கூடம் எங்கே வேலை செய்தாலும் இது பொருந்தும். 2024 ஜூன் 1 முதல் திருத்திய தொழில் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது; உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. புகைக்கொட்டகைக்குள் போன எவருக்கும் இல்லாத உரிமை அது.

ஆகவே வேலையிடத்தில் கண் எரிந்தால் "பழகிப் போயிரும்" என்று இருந்துவிடாதீர்கள். மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள்; காட்ட மறுத்தால் தொழில் பாதுகாப்புத் துறையின் பேராக் அலுவலகம் ஈப்போவிலேயே இருக்கிறது. வீட்டுக்கு அலமாரி அடிப்பவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஈ1 பலகையா, நான்கு நட்சத்திரமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அறுத்த விளிம்புகளையும் பின்பக்கத்தையும் அடைத்துப் பூசச் சொல்லுங்கள். குடிபோகுமுன் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியை ஓடவிட்டு, அலமாரிக் கதவுகளையும் திறந்தே வையுங்கள். பிள்ளைகள் தூங்கும் அறையில் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் அட்டையைத் தானாகவே எடுத்துக் காட்டுவார்.